இரண்டில் தொட்டுத் திரும்பிய கோடு

விடத்தல்தீவு
2025 ஜூன் 9

மன்னார் கரையோரக் கணித வட்டத்தின் வினாத்தாள் தயாரிப்பாளர்
கனம் ஜெஸீம் சேர் அவர்களுக்கு,

முதலில் உங்கள் நலத்தை விசாரிப்பதுதான் மரியாதை. ஆனால் இது முறைப்பாட்டுக் கடிதம் என்பதால் அதைக் கடைசிப் பந்திக்குத் தள்ளி வைக்கிறேன்.

முறைப்பாடு எதுவானாலும் பெறுபேறு வந்த மூன்று வாரத்துக்குள் கைப்பட எழுதி, வினாத்தாள் தயாரித்தவருக்கே தபாலில் அனுப்ப வேண்டும், போனில் சொன்னால் செல்லாது என்று உங்கள் வட்டம் விதி வைத்திருக்கிறது. நல்ல விதிதான். போனில் வளைகோடு கீறிக் காட்ட முடியாதே.

ஏழாம் வினா: y = (x + 1)(x − 2)²(x − 4) என்பதன் பரும்படி வரைபைக் கீறுக. பத்துப் புள்ளி. என்னுடைய நான்கு பிள்ளைகளும் கோட்டை −1 இல் அச்சைக் கடக்க விட்டார்கள். 2 இல் கீழிருந்து வந்து அச்சைத் தொட்டுவிட்டுத் திரும்பக் கீழே போக விட்டார்கள். 4 இல் மீண்டும் கடக்க விட்டார்கள். நான்கு பேருக்கும் பூச்சியம். நீங்கள் வெளியிட்ட விடைத்தாளில் கோடு மூன்று இடத்திலும் அச்சை வெட்டிக்கொண்டு போகிறது. அதைப் போலக் கீறியவர்களுக்கெல்லாம் பத்துக்குப் பத்து.

சேர், (x − 2) அங்கே இரண்டு தரம் வருகிறது. இரண்டு தரம் வரும் காரணி பூச்சியமாகும் இடத்தில் கோடு அச்சைத் தொடும், கடக்காது. பிழை விடைத்தாளில்தான்.

இது வெறும் பத்துப் புள்ளிக் கதை இல்லை. எங்கள் பள்ளிக்கூடத்தில் உயர்தரக் கணிதப் பிரிவு தொடங்கி ஒன்றரை வருடம்தான். மொத்தமே நான்கு பிள்ளைகள். "நாலு பேருக்காக ஒரு பிரிவை நடத்த முடியாது, மாவட்டப் போட்டியில் முதல் மூன்று இடத்துக்குள் வந்தால் யோசிப்போம்" என்று மேலிடத்தில் சொல்லியிருக்கிறார்கள். ஜூலை பதினைந்துக்குள் முடிவு எடுப்பார்களாம். நாங்கள் நான்காம் இடம். இருநூற்று எழுபத்தாறு புள்ளி. மூன்றாம் இடத்துக்கு எட்டுப் புள்ளிதான் குறைவு. நீங்கள் வெட்டியது நாற்பது.

விடைத்தாளைத் திருத்தித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். இனி, நலமா?

இப்படிக்கு,
செ. அன்ரோனெற்
கணித ஆசிரியை

பி.கு.: உயர்தர வகுப்பில் முன்வாங்கில் இருந்த அன்ரோனெற் தான் நான். இருபது வருடமாகக் கடிதம் இல்லாததால் மறந்திருக்கக்கூடும்.


உப்புக்குளம், மன்னார்
2025 ஜூன் 14

அன்புள்ள அன்ரோனெற் ரீச்சருக்கு,

நலம். உங்களை மறக்கவில்லை. இடம்பெயர்ந்து இருந்த புத்தளத்திலிருந்து திரும்பி வந்து வகுப்பில் சேர்ந்த புதிதில் உங்கள் கொப்பிகளை வாங்கித்தான் விட்ட பாடங்களை எழுதி முடித்தேன். உங்கள் கையெழுத்து அன்று போலவே இருக்கிறது. கோபம் வந்தால் எழுத்து வலப்பக்கம் சாய்வதும் அப்படியே.

முறைப்பாட்டைப் பார்த்தேன். பிள்ளைகள் மேல் உங்களுக்கு இருக்கும் பாசம் விளங்குகிறது. ஆனால் விடைத்தாளில் மாற்றம் செய்ய இடமில்லை.

எனது வாப்பா ஜமால்தீன் உப்புக்குளத்தில் தையல்கடை வைத்திருந்தவர் என்பது உங்களுக்குத் தெரியும். அவருடைய ஓட்டுத்தையலைப் பார்த்துத்தான் நான் பிள்ளைகளுக்கு 'தையல் விதி' சொல்லிக் கொடுக்கிறேன். x-அச்சு துணி. வளைகோடு நூல். y பூச்சியமாகும் ஒவ்வொரு இடமும் ஒரு ஓட்டை. வலப்பக்கத்தில் துணிக்கு மேலே தொடங்கு. ஒவ்வொரு ஓட்டையிலும் ஊசி மறுபக்கம் போகும். மேல், கீழ், மேல், கீழ். பதினாறு வருடமாக இந்த விதி எந்தப் பிள்ளையையும் கைவிட்டதில்லை.

ஏழாம் வினாவில் ஓட்டைகள் மூன்று: 4, 2, −1. ஆகவே மூன்று தரம் கடக்கும். இரண்டு என்ற எண்ணை எத்தனை தரம் எழுதினாலும் அது இரண்டுதானே? ஓட்டை ஒன்றுதான். (x − 2)² தனியே நின்றால் தொட்டுத் திரும்பும் என்பது எனக்கும் தெரியும். இங்கே அது தனியே இல்லை.

உங்கள் பிரிவு நிலைக்க வேண்டும் என்று துஆச் செய்கிறேன். அடுத்த வருடமும் போட்டி இருக்கிறது.

அன்புடன்,
ஜ. ஜெஸீம்


விடத்தல்தீவு
2025 ஜூன் 17

ஜெஸீம்,

'நீங்கள்' போட்டு எழுதும் பொறுமை போய்விட்டது. வகுப்பில் கதைத்தது போல 'நீர்' என்றே எழுதுகிறேன். அடுத்த வருடமும் போட்டி இருக்கும், ஓம். எங்கள் வகுப்பு இருக்காது. அந்த ஒரு வரியை எழுதும்போது உமக்குக் கொஞ்சமாவது கை கூசவில்லையா?

தான் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்று நிற்கிறீர். தனியே வந்தால் அடையாளம் தெரிகிற ஆளைக் கூட்டத்துக்குள் கண்டால் தெரியாதாக்கும்! சரி, கால்களை எண்ணிப் பார்ப்போம். எழுதுகோலை எடும்.

x இன் இடத்தில் பூச்சியத்தைப் போடும். முதல் காரணி 1. இரண்டாவது −2 இன் வர்க்கம், 4. மூன்றாவது −4. பெருக்கினால் சய பதினாறு, −16. ஆகவே x பூச்சியமாக இருக்கும் இடத்தில் கோடு அச்சுக்குக் கீழே நிற்க வேண்டும். உமது விடைத்தாளில் அந்த இடத்தில் கோடு மேலே நிற்கிறது. இதற்குப் பிறகும் நான் எழுத வேண்டுமா?

எழுதுகிறேன், ஆத்திரம் தீரவில்லை. காரணிகளை விரித்தால் வருவது x இன் நான்காம் அடுக்கு. நான்காம் அடுக்கு இரண்டு கரையிலும் ஒரே பக்கம் போகும். இங்கே வலப்பக்கம் மேலே போகிறது, இடப்பக்கமும் மேலே போக வேண்டும். நீர் கீறிய கோடு இடப்பக்கம் கீழே விழுகிறது. உம்முடைய படம் உம்முடைய வினாவுக்கே சொந்தமில்லை.

என் நால்வரில் ஒருத்தி டிலோஜினி. அவளின் தகப்பன் சந்தியோகு நேற்று பள்ளிக்கூடத்துக்கு வந்தார். வலை இழுத்த உடுப்போடு வாசலிலேயே நின்றார். "ரீச்சர், நாலாம் இடத்துக்கு ஆரும் வகுப்பு வைச்சிருப்பினமோ? நான் பிள்ளையை ரவுணுக்கு அனுப்பப்போறன்" என்றார். நகரத்துப் பள்ளிக்கூடத்துக்கு விடிய ஐந்தரை பஸ்ஸில் ஏறி, பொழுதுபட வந்து சேர்வாள் அந்தப் பிள்ளை. அவள் கீறிய கோடு சரியானது என்று அவரிடம் சொன்னேன். "சரியெண்டா ஏன் பூச்சியம் போட்டவை?" என்று கேட்டார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

பதிலை எதிர்பார்க்கிறேன்.

அன்ரோனெற்


விடத்தல்தீவு
2025 ஜூன் 24

ஜெஸீம்,

ஒரு வாரம் ஆகிவிட்டது. தபால்காரர் சைக்கிளை விட்டு இறங்காமலே தலையை ஆட்டிவிட்டுப் போகிறார்.

முறைப்பாட்டுக் காலம் இருபத்தெட்டாம் தேதியோடு முடிகிறது. ஸஹ்றாவின் உம்மாவும் இன்று விடுகைப் பத்திரம் கேட்டு வந்துவிட்டா. இரண்டு பேர் போனால் மிச்சம் இரண்டு. இரண்டு பேருக்கு வகுப்பு நடத்துங்கள் என்று நான் யாரிடம் போய்க் கேட்பேன்?

பிழை என்று ஒப்புக்கொள்ள வெட்கமாக இருந்தால் அதையாவது எழுதும். சும்மா இருந்து கொல்லாதேயும்.

அன்ரோனெற்


உப்புக்குளம், மன்னார்
2025 ஜூன் 26

அன்புள்ள அன்ரோனெற்,

வெட்கமாகத்தான் இருந்தது. அதை எழுதவும் வெட்கமாக இருந்தது.

உமது கடிதம் வந்த அன்று அதை நின்ற நிலையிலேயே வாசித்தேன். பூச்சியத்தைப் போட்டேன். சய பதினாறு. ஒன்றைப் போட்டேன், சய ஆறு. மூன்றைப் போட்டேன், சய நான்கு. இரண்டுக்கு இந்தப் பக்கமும் கீழே, அந்தப் பக்கமும் கீழே. பிறகு இருக்கையை இழுத்துப் போட்டு இருந்தேன்.

நடந்ததைச் சொல்கிறேன். நான் முதலில் எழுதிய வினாவில் அடுக்கு இல்லை. வெறும் (x + 1)(x − 2)(x − 4) தான். அதற்குக் கீறிய படம்தான் விடைத்தாளில் இருப்பது. அச்சகத்துக்குக் கொண்டுபோகும் காலையில் வினா லேசாக இருக்கிறதே என்று நினைத்து, நடுவில் இருந்ததன் தலையில் ஒரு சின்ன இரண்டைப் போட்டேன். ஓட்டைகள் மாறவில்லைதானே, படம் ஏன் மாற வேண்டும் என்று விட்டுவிட்டேன். தையற்காரனின் மகன் விடக்கூடிய பிழை.

பிழை தெரிந்த பின்பும் ஒரு வாரம் ஏன் எழுதவில்லை என்று கேட்பீர். பதினாறு வருடம், அன்ரோனெற். எத்தனை பிள்ளைகளுக்கு அந்தத் தையல் விதியைச் சொல்லிக் கொடுத்திருப்பேன்! அது அடியோடு பொய் என்று எழுதப் பேனை நகரவில்லை.

நேற்று மத்தியானம் என் தங்கை உம்மு ஸல்மா தையல் மெஷின் முன்னால் இருந்து பாவாடை தைத்துக்கொண்டிருந்தாள். வாப்பாவின் கடையை இப்போது அவள்தான் நடத்துகிறாள். நான் முகத்தைத் தூக்கிக்கொண்டு இருந்ததைப் பார்த்து என்ன என்று கேட்டாள். சொன்னேன். அவளுக்கு x ஐயும் தெரியாது, y ஐயும் தெரியாது. ஒரு துணித்துண்டை எடுத்து, ஊசியை மேலிருந்து கீழே இறக்கினாள்; அதே ஓட்டையால் மேலே எடுத்தாள். "ஒரே ஓட்டைக்குள்ள ரெண்டு தரம் போனா ஊசி புறப்பட்ட பக்கம்தானே வந்து நிக்கும், நானா? நீங்க ஓட்டைய எண்ணுறீங்க. குத்தையெல்லா எண்ணோணும்!" என்றாள்.

எழும்பி நின்றுவிட்டேன். விதி பொய் இல்லை. நான்தான் பிழையாக எண்ணியிருக்கிறேன். (x − 2) ஒரு தரம் வந்தால் ஒரு குத்து, கோடு மறுபக்கம். இரண்டு தரம் வந்தால் போய்த் திரும்பி அதே பக்கம். மூன்று தரம் வந்தால் திரும்பவும் மறுபக்கம். ஒற்றை என்றால் கடக்கும், இரட்டை என்றால் தொட்டுத் திரும்பும். பத்தாம் அடுக்கு வந்தாலும் பயமில்லை!

உமது முறைப்பாட்டை ஏற்றுக்கொள்கிறேன். ஜூலை ஐந்தாம் தேதி வட்டத்தின் கூட்டம் இருக்கிறது, அதில் வைப்பேன். முதலிடம் பெற்ற நால்வரும் என்னுடைய பிள்ளைகள். நால்வரும் நான் சொன்னபடி கடக்கத்தான் விட்டிருக்கிறார்கள். எனக்கு என்ன போகும் என்று தெரிந்துதான் எழுதுகிறேன்.

இன்னொன்று. பல்கலைக்கழகம் கிடைத்தபோது நான் உமக்கு ஏன் கடிதம் போடவில்லை என்றால், உமது கொப்பியில் படித்த எனக்குக் கிடைத்து, உமக்கு ஒரு மயிரிழையில் தவறிப்போனது. என்ன எழுதுவது என்று தெரியவில்லை. தெரியாமலே இருபது வருடம் போய்விட்டது. மன்னித்துக்கொள்ளும்.

ஜெஸீம்


விடத்தல்தீவு
2025 ஜூன் 30

அன்புள்ள ஜெஸீம்,

உமது கடிதத்தை வகுப்பிலேயே பிரித்தேன். கடைசிப் பந்தியை மட்டும் மடித்து வைத்துவிட்டு மிச்சத்தைச் சத்தமாக வாசித்தேன். உம்மு ஸல்மாவின் பேச்சு வந்த இடத்தில் நான்கு பிள்ளைகளும் கைதட்டினார்கள். அவவை ஒருநாள் இங்கே கூட்டிவாரும். நான் மூன்று பாடவேளை செலவழித்துச் சொன்னதை அவ ஒரு ஊசியால் சொல்லிவிட்டா.

தையல் விதி பிழைத்துக்கொண்டது எனக்கும் சந்தோஷம். ஆனால் அதில் ஒன்றைச் சேர்த்துச் சொல்லிக் கொடும். மூன்று குத்து விழும் இடத்தில் கோடு கடக்கும்தான், ஆனால் ஒரு குத்தில் கடப்பது போல விறுக்கென்று கடக்காது. (x − 2)³ ஐ எடுத்துப் பாரும். x, இரண்டுக்கு 0.1 தள்ளி நின்றால் y வெறும் 0.001. அச்சோடு படுத்து, தவழ்ந்து, பிறகுதான் மறுபக்கம் எழும்பும். தொடும் இடத்திலும் அப்படித்தான். அடுக்கு கூடக் கூட அச்சோடு கூடுதலாக ஒட்டிக் கிடக்கும். ஸஹ்றா இதைத் தானாகக் கண்டுபிடித்தாள். உம்மா கேட்ட விடுகைப் பத்திரத்தை இன்னும் நான் கொடுக்கவில்லை. அதிபரிடம் முத்திரை இல்லை என்று சொல்லிவிட்டேன். பொய்தான். பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிக்கொள்வேன்.

இனி ஐந்தாம் தேதிக் கூட்டம். உமது தலைவர் சிங்கராசா சேர் ஒருதரம் சொன்னதை மாற்றாத மனுசன் என்று கேள்வி. தனியே நின்று வாதாடப் போகிறீர். சய பதினாறை மறந்துவிடாதேயும்.

மடித்து வைத்த பந்திக்குப் பதில்: அந்த வருடம் உமது பெயரைப் பேப்பரில் பார்த்து நான் எங்கள் வீதி முழுக்கச் சொல்லித் திரிந்தனான். நீர் எழுதாததுதான் வலித்தது. இப்போது எழுதிவிட்டீர்.

அன்புடன்,
அன்ரோனெற்


உப்புக்குளம், மன்னார்
2025 ஜூலை 6

அன்புள்ள அன்ரோனெற்,

வென்றுவிட்டீர்! முதலில் அதை எழுதிவிட்டுத்தான் மூச்சு விடுகிறேன்.

கூட்டத்துக்கு ஒன்பது பேர் வந்திருந்தார்கள். சிங்கராசா சேர் கடிதத்தை வாசித்து முடிக்கவும் விடவில்லை. "தம்பி, வெளியிட்ட பெறுபேற்றை மாத்தினா சனம் சிரிக்கும்" என்றார். "மாத்தாட்டி பிள்ளையள் சிரிப்பினம் சேர். சனம் ரெண்டு நாளிலை மறந்துபோகும், பிள்ளையள் சாகுமட்டும் மறவாயினம்" என்றேன். எங்கிருந்து எனக்கு அந்தத் துணிவு வந்தது என்று தெரியாது.

பிறகு பலகையில் நீட்டாக ஒரு அச்சைக் கீறினேன். வெண்கட்டியை சேரின் கையில் கொடுத்து, "பூச்சியத்தைப் போட்டுப் பெருக்குங்கோ" என்றேன். மனுசன் பெருக்கினார். சய பதினாறு. ஒன்றைப் போடச் சொன்னேன். மூன்றைப் போடச் சொன்னேன். ஒவ்வொரு தரமும் புள்ளி அச்சுக்குக் கீழேதான் விழுந்தது. மூன்று புள்ளியையும் பார்த்துக்கொண்டு நின்றவர் அவற்றைத் தானே சேர்த்துக் கோடு கீறினார். கோடு இரண்டுக்கு ஏறி வந்தது. அச்சைத் தொட்டது. திரும்பி இறங்கியது. சேர் வெண்கட்டித் தூளை வேட்டியில் துடைத்துவிட்டு, "பிள்ளையள் சரியாத்தான் கீறியிருக்குதுகள். நாங்கள்தான் வெட்டிப்போட்டம்" என்றார். ஒருதரம் சொன்னதை மாற்றாத மனுசன்!

பிள்ளைகள் எழுதிய தாள்கள் எல்லாவற்றையும் அங்கேயே திரும்பத் திருத்தினோம். உங்கள் பள்ளிக்கூடம் முந்நூற்றுப் பதினாறு. மாவட்டத்தில் முதலாம் இடம். மூன்றாவது இல்லை, இரண்டாவது இல்லை, முதலாவது! சந்தியோகு அண்ணனிடம் அந்த எண்ணைச் சத்தமாகச் சொல்லும். கையொப்பமிட்ட கடிதம் மேலிடத்துக்கு நாளைக் காலையே போகும். சேர் தானே கொண்டுபோய்க் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

என்னுடைய நால்வரும் ஐந்தாம் இடம். இன்று காலை அவர்களைக் கூப்பிட்டு நானே சொன்னேன். பிழை என்னுடையது, நீங்கள் நான் சொன்னபடிதான் செய்தீர்கள் என்றேன். ஒரு பிள்ளை அழுதது. நானும் கிட்டத்தட்ட. பிறகு அவர்களுக்கு ஏழாம் வினாவைத் திரும்பக் கொடுத்தேன். நால்வரும் தொட்டுத் திரும்ப விட்டார்கள். என் சொந்த விடைக்குப் பூச்சியம் வாங்கிய ஆசிரியனாக அங்கேயே நின்றேன், ஆனால் தலையைக் குனிந்துகொண்டு இல்லை.

மேலிடத்துப் பதில் வந்தவுடன் எழுதும். நகம் கடிக்கத் தொடங்கிவிட்டேன்.

ஜெஸீம்


விடத்தல்தீவு
2025 ஜூலை 27

அன்புள்ள ஜெஸீம்,

கடிதம் பிந்தியதற்குக் கோபிக்காதேயும். எங்கள் ஊரே கொஞ்ச நாளாகத் தலைகீழாக நிற்கிறது.

உமது கடிதத்தைக் கொண்டு நேரே கடற்கரை மீன்வாடிக்குப் போனேன். சந்தியோகு அண்ணன் நண்டுகளைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தார். "அண்ணன், முந்நூற்றுப் பதினாறு. மாவட்டத்தில முதலாவது" என்றேன். கையில் இருந்த நண்டைக் கூடைக்குள் போட்டுவிட்டு, "அப்ப என்ரை பிள்ளை சரியாத்தானே கீறினவள்!" என்று வாடி முழுக்கக் கேட்கக் கத்தினார். அன்று பின்னேரம் ஊரில் வெடி கொளுத்தினார்கள். கிரிக்கெற்றில் இலங்கை வென்றதாக்கும் என்று பக்கத்து ஊரிலிருந்து போன் எடுத்துக் கேட்டார்கள்.

போன வெள்ளிக்கிழமை எங்கள் தேவாலயத்தில் சந்தியோகுமையார் திருநாள். பூசை முடிந்து ஆசீர்வாதத்துக்கு முன் சுவாமியார் ஒலிபெருக்கியில் நான்கு பிள்ளைகளின் பெயரையும் வாசித்தார். அதோடு விட்டிருக்கலாம். அவர் அந்த வினாவையும் வாசித்தார்: எக்ஸ் சக ஒன்று, எக்ஸ் சய இரண்டின் வர்க்கம், எக்ஸ் சய நான்கு. செபம் என்று நினைத்துப் பாதிச் சனம் "ஆமென்" சொல்லிவிட்டது! ஸஹ்றாவும் உம்மாவும் மதிலோரம் நின்று பார்த்துச் சிரித்தார்கள். விடுகைப் பத்திரத்தைப் பற்றி உம்மா இப்போது ஒரு சொல்லும் கேட்பதில்லை.

மேலிடத்துக் கடிதம் பதினாலாம் தேதி, கெடுவுக்கு ஒரு நாள் முன்னதாகவே வந்துவிட்டது. பிரிவு நிலைக்கும். அதிபர் அதை வாசித்துச் சொன்னபோது நான் கரும்பலகையைப் பார்த்துத் திரும்பி நின்றேன். அழுதேன் ஜெஸீம், சந்தோஷத்தில் வாய்விட்டு அழுதேன். பள்ளிக்கூடத்தை நான் வென்று கொடுத்தேன் என்று சொல்லக் கூச்சமில்லை. நானும், நான்கு பிள்ளைகளும், சொன்னதை மாற்றிச் சொல்லத் தெரிந்த இரண்டு ஆம்பிளைகளும் வென்றோம்.

இப்போதுதான் புதுக்கரைச்சல். சாதாரணதரம் முடித்த பிள்ளைகளில் ஒன்பது பேர் கணிதப் பிரிவுக்குப் பெயர் கொடுத்திருக்கிறார்கள். இரண்டு பேர் ரவுண் பள்ளிக்கூடத்தை விட்டு இங்கே வருகிறார்கள். ஐந்தரை பஸ் இனி அந்தப் பக்கமிருந்து இங்கே வர வேண்டியதுதான்! இவ்வளவு பேருக்கும் நான் ஒருத்தி காணாது. உமக்குச் சனிக்கிழமைகளில் வேலை இல்லை என்று உம்மு ஸல்மா போனில் சொன்னா. ஓம், நாங்கள் இரண்டு பேரும் இப்போது போனில் கதைக்கிறோம், உம்மைப் பற்றித்தான்.

வருகிற சனி ஒன்பது மணிக்கு வகுப்பு. வாரும். நின்றுகொண்டுதான் படிப்பிக்க வேண்டிவரும். ஆசிரியருடைய கதிரையையும் பிள்ளைகள் எடுத்துவிட்டார்கள்.

அன்புடன்,
அன்ரோனெற்